கூட்டத்தில் சேராத குரங்கு

ஜூன் 3, திங்கள்

காஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஒரு வாய் காபிகூட இல்லாமல் ஆய்வகத்துக்குப் போனால் வரவேற்பு மேசையிலேயே ஜாங்கிரிப் பெட்டி திறந்து கிடக்கிறது. எங்கள் இயக்குநர் ரகோத்தமன் சார் தன் கையாலேயே எடுத்து நீட்டினார். "எடுத்துக்கோங்க டாக்டர் நேசமலர். நாப்பத்தொண்ணு ஜெயிச்சாச்சு!"

நாற்பத்தொன்று எங்கள் புது மூட்டுவலி மருந்து. இன்னும் பெயர் வைக்கவில்லை, எண்ணைச் சொல்லியே கூப்பிடுகிறோம். அதை எட்டுக் குரங்குகளுக்குக் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, ஈரல் அதை எப்படி உடைத்து வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பது என் பிரிவின் வேலை. பார்த்தாயிற்று. ஏழு குரங்குகளின் ஈரல் அதைப் பொரிகடலை மாதிரி நொறுக்கித் தள்ளிவிட்டது. ஒரு சேதமும் இல்லை. குரங்கு இவ்வளவு தாங்குகிறது, அதனால் மனிதனுக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று இனி கணக்குப் போடுவார்கள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் முதல் ஆள் அதை விழுங்குவான். அந்தக் கணக்கின் அடியில் என் கையெழுத்து விழ வேண்டும்.

எட்டாவது குரங்கு மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அதன் ரத்தத்தில் மருந்து நகராமல் உட்கார்ந்திருக்கிறது.

"அது கெடக்கட்டும். அது நம்ம கூட்டமே இல்லயே" என்றார் சார்.

ஜாங்கிரி நன்றாகத்தான் இருந்தது. இரண்டு தின்றேன்.

ஜூன் 5, புதன்

'நம்ம கூட்டம்' என்று சார் சொன்னதை எழுதி வைக்கிறேன், ஏனென்றால் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். எல்லாச் சோதனைக்கும் ஒரே பண்ணைக் குரங்குகள்தான். அதிலும் ஒரே கிழட்டு ஆண் குரங்கின் வாரிசுகள். ஏன்? எண்கள் சிதறாது. கோடு போட்டுப் பார்த்தால் எண்ணெய் வைத்து வாரின தலை மாதிரி படிந்து நிற்கும். வாங்க வருகிற கம்பெனிக்காரர்கள் பார்த்துச் சொக்கிப் போவார்கள். நானும்தான் சொக்கியிருக்கிறேன். இந்த முறை கூட்டத்தில் ஒன்று காசநோய்ப் பரிசோதனையில் தேறவில்லை. அவசரத்துக்கு வேறொரு பண்ணையிலிருந்து ஒரு பெண் குரங்கை வரவழைத்தோம்.

மற்ற ஏழும் உலர்திராட்சையைக் காட்டினால் கம்பி வழியே கையை நீட்டி ரத்தம் கொடுக்கும். இவள் திராட்சையைப் பிடுங்கிக்கொண்டு முதுகைக் காட்டுவாள். கூண்டு வேலைக்காரர்கள் ராங்கி என்று பேர் வைத்துவிட்டார்கள். பொருத்தமான பேர்.

ராங்கி இன்று எதையும் பிடுங்கவில்லை. சுருண்டு கிடக்கிறாள். எங்கள் கால்நடை மருத்துவர் இதாயத்துல்லா கண் இமையை விலக்கிக் காட்டினார். மஞ்சள்.

"ஈரல் வீங்கியிருக்கு மேடம். போன வாரம் என் கண்ணாடியப் பறிச்ச கழுத இது. இப்ப தலையத் தூக்க மாட்டேங்குது."

மருந்தை உடனே நிறுத்தச் சொன்னேன். சாரிடம் போனால் அவர் காரணத்தைத் தயாராக வைத்திருந்தார்: பயண அலுப்பு. அதனால் அறிக்கையிலிருந்து நீக்கம். பயண அலுப்பாம்! வந்து நாலு மாதமாகிறது. நான் பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வந்தாலே மறுநாள் வேலைக்கு வந்துவிடுகிறேன்.

எட்டுக் குரங்குகளின் ரத்தத்தையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. என் பிரிவு, என் ரத்தம், நான் அனுப்புவேன்.

ஜூன் 8, சனி

பாளையங்கோட்டையிலிருந்து தங்கமலர் அக்கா போன். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், இன்னமும் என்னை வகுப்பில் நிற்க வைத்துத்தான் பேசுவாள்.

"ஏட்டி, உன் மாத்திர எப்ப கடைக்கு வரும்? மாடிப்படி ஏற முடியல, முட்டி உசுர எடுக்கு. ரெண்டு அட்டய ஒளிச்சு எடுத்துட்டு வாயேன்."

"அது இன்னும் மாத்திரையே ஆகலக்கா."

"பெரிய ஆராய்ச்சி பண்ணுதா! வயசு அம்பத்தொண்ணாச்சு, அக்காவுக்கு ஒரு மாத்திரைக்கு வழியில்ல."

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. இருந்தாலும் போன் சார்ஜரை மறந்துவிட்டேன் என்று ஆய்வகம் வரை போனேன். போகிற வழியில் சப்போட்டா மலிவாக இருந்தது. ஒரு கிலோ வாங்கிவிட்டேன், தனி ஆளுக்கு அது அதிகம். நாலைந்தை ராங்கியின் கூண்டில் வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நிலைமையிலும் என்னைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டாள். திமிருக்குக் குறைச்சலில்லை.

சார்ஜர் வீட்டில்தான் இருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. தாளைக் கசக்கிவிட்டு மறுபடி நீவினேன். பயத்தில் இல்லை, கோபத்தில்.

நாளைக்குச் சாரிடம் பேசும்போது உளறிவிடக் கூடாது, அதனால் இங்கே ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். ஈரலுக்குள் மருந்தை உடைக்கிற நொதிகள் பல உண்டு. ஒவ்வொன்றையும் செய்வதற்கு ஒரு மரபணு. குரங்குக்கும் நமக்கும் அவற்றில் பெரும்பாலானவை பங்காளிகள், ஒரே ஜாடை. ஆனால் இந்த வகைக் குரங்குக்கு நம்மிடம் இல்லாத ஒரு நொதி கூடுதலாக உண்டு. மனிதனில் யாருக்கும் கிடையாது. அந்த ஏழு குரங்குகளும் நாற்பத்தொன்றை நொறுக்கியது இந்த நொதியை வைத்துத்தான் என்று என் சந்தேகம்.

ராங்கிக்கு அந்த மரபணு அம்மா வழியிலும் பழுது, அப்பா வழியிலும் பழுது. அவள் ஈரலில் அந்த நொதி உருவாகவே இல்லை.

அப்படியென்றால் எட்டுப் பேரில் நம்மைப் போல இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளைத்தான் நாங்கள் கூட்டத்தில் சேராதவள் என்று தள்ளி வைத்தோம்.

ஜூன் 12, புதன்

சாரின் அறை. ஏசி குளிரில் எனக்கு வியர்த்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"ஒதுக்கறதுன்னா அந்த ஏழைத்தான் சார் ஒதுக்கணும். ராங்கிய வெச்சிக்கணும்."

"யாரு ராங்கி?"

"எட்டாவது குரங்கு."

சிரித்தார். "ஏழு பேர் ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தி வேற சொல்றா. யாரை நம்பறது டாக்டர்?"

"ஏழு பேரும் ஒரே தாத்தா பேரப்பிள்ளைங்க. ஒரே வீட்ல விழுந்த ஏழு ஓட்ட வெச்சி ஊரே ஜெயிக்க வெச்சதா சொல்றீங்க."

"குரங்குக்கும் மனுஷனுக்கும் மரபணுல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல ஒண்ணு. உங்களுக்குத் தெரியாததா?"

"மிச்சம் இருக்கறதுலதான் சார் ஆள் சாவான்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. தேதி குறித்தாயிற்று, ஆஸ்பத்திரியில் படுக்கை தயார், கம்பெனிக்காரர்கள் போனுக்கு மேல் போன், மனித ஈரலில் வேறு ஏதாவது நொதி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றார். பார்த்துக்கொள்ளுமாம். தாலி கட்டின மாப்பிள்ளையா அது, பார்த்துக்கொள்ள?

"பாத்துக்குமான்னு நான் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது" என்று எழுந்து வந்துவிட்டேன். கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். அது தானாக அறைந்துகொண்டது.

ஜூன் 14, வெள்ளி

பால் திரிந்துவிட்டது. சார் இரண்டு முறை ஆள் அனுப்பினார். கையெழுத்துப் போடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

எங்கள் உறைபெட்டியில் மனித ஈரல் செல்கள் உண்டு. யார் யாரோ இறந்த பிறகு தானம் தந்தவை, புண்ணியவான்கள். அவற்றை உயிர்ப்பித்து ஒரு தட்டில் வைத்தேன். பக்கத்துத் தட்டில் பண்ணைக் குரங்கின் ஈரல் செல்கள். இரண்டிலும் நாற்பத்தொன்றை விட்டேன்.

குரங்குத் தட்டில் மருந்து காணாமல் போனது. மனிதத் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. ஒன்றிரண்டு பேருடைய செல்கள் கொஞ்சம் கரைத்தன. பாக்கிப் பேருடையவை தொடக்கூட இல்லை. மனிதருக்குள்ளும் ஈரலுக்கு ஈரல் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்? ஆனால் குரங்கு மாதிரி நொறுக்கியவர் ஒருத்தர்கூட இல்லை.

இதாயத்துல்லா பக்கத்தில் நின்று பார்த்தார். "யா அல்லா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

சார் பார்த்துவிட்டு, "தட்டுல நடக்கறதெல்லாம் உடம்புல நடக்குமா?" என்று கேட்டார்.

"குரங்கு உடம்புல நடக்கறது மட்டும் மனுஷ உடம்புல அப்படியே நடக்குமா சார்?" என்று கேட்டேன். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். பதில் இல்லாதவர்களுக்குத்தான் அதிகாரம் இருக்கிறது, என்ன செய்ய.

ஜூன் 19, புதன்

ராங்கி போய்விட்டாள். குக்கர் வாஷர் வாங்க வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தலைவலி, கண் வேறு வீங்கியிருந்தது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை போல.

இன்று தெரிந்த சேதி: என்னைச் சோதனைத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டு, இதாயத்துல்லாவைப் போட்டிருக்கிறார்கள். அவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். எட்டாவது குரங்கு, பயண அலுப்பு, நீக்கம். அந்த ஒரு வரிக்குள் அவளை அடக்கம் செய்துவிட்டார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கண்ண நீங்கதான எனக்கு வெலக்கிக் காட்டுனீங்க?"

"மூணு பொம்பளப் புள்ளைங்க மேடம் எனக்கு. உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

"எனக்குப் புள்ள இல்லன்னு சொல்லிக் காட்டுறீங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல..."

"முதல்ல விழுங்கப் போறவனுக்கும் புள்ள இருக்கும்ல?"

அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்குள் முகம் தெரியவில்லை. நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன், காவலாளி எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

எனக்கு ஒரு மாதக் கட்டாய விடுப்பு. "ரெஸ்ட் எடுங்க, ரொம்ப களைச்சுப் போயிருக்கீங்க" என்று சார் கரிசனமாகச் சொன்னார். எனக்கும் பயண அலுப்பு என்று எழுதாமல் விட்டாரே.

ஜூன் 22, சனி

வீட்டில் சும்மா இருந்து மனிதத் தட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும். இந்த வயதில் எவன் கூப்பிடுவான்? இரவு உணவு இறங்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அக்காவிடம் முழுக்கச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு அந்த மாத்திர வேண்டாம்ட்டி. நான் முட்டி வலியோடயே இருந்துக்கிடுதேன். நீ போயி அவனுவ முன்னால நில்லு. தலையவா சீவிருவானுவ?"

அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஜூன் 25, செவ்வாய்

மனிதர் மேல் சோதனை நடத்த ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். இன்று அவர்கள் கூட்டம். எனக்கு அழைப்பில்லை. அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் போனால் சாப்பாடு போடாமல் விட்டாலும் வாசலிலாவது நிற்க விடுவார்கள். காட்டன் புடவையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்றேன். குழுத் தலைவருக்கு ஒரு சீட்டு அனுப்பினேன்: நாற்பத்தொன்றால் இறந்த குரங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேசை. டாக்டர்கள், ஒரு வக்கீல், மருத்துவம் படிக்காத பொதுமக்கள் சார்பில் கமலவேணி என்று தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். எதிர்ப்பக்கம் ரகோத்தமன் சார், பக்கத்தில் இதாயத்துல்லா. என்னைக் கண்டதும் சாரின் பேனா மூடி கீழே விழுந்தது.

"இவங்க விடுப்புல இருக்காங்க. உடம்பு சரியில்ல" என்றார்.

"உடம்பு சரியில்லாம இருந்தது குரங்குக்கு சார். எனக்கு இல்ல."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஏழு குரங்குகளின் குடும்பக் கதை, ராங்கியின் மரபணு, இரண்டு தட்டு. டாக்டர்கள் குறிப்பெடுத்தார்கள், சிலர் நெற்றியைச் சுருக்கினார்கள். சார் குறுக்கே புகுந்து, அந்த விலங்கு வேறு பண்ணை, வந்தபோதே நோயோடு வந்திருக்கலாம் என்றார்.

கமலவேணி அம்மாள் கையைத் தூக்கினார். "எனக்கு இந்த மரபணு எல்லாம் வெளங்கலம்மா. மருந்த ஒடைக்குதுன்னு சொன்னியே, அந்தச் சமாச்சாரம் என் ஈரல்ல இருக்கா?"

"இல்லம்மா. உங்க ஈரல்ல இல்ல, என் ஈரல்ல இல்ல, சார் ஈரல்லயும் இல்ல. இந்த ரூம்ல யாருக்கும் இல்ல. செத்துப்போன குரங்குக்கும் இல்ல."

தலைவர் இதாயத்துல்லாவைப் பார்த்தார். "டாக்டர், கையெழுத்து உங்களுது. அது வரும்போதே நோயா இருந்ததா?"

இதாயத்துல்லா தண்ணீர் குடித்தார். சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. பார்த்தால் திட்டிவிடுவேன் என்று மேசை விரிப்பைப் பார்த்தேன்.

"இல்ல சார்" என்றார். "ஆரோக்கியமாத்தான் வந்துச்சு. மருந்து குடுத்த பிறகுதான் படுத்துச்சு. அந்தக் காரணம் தப்பு. நான்தான் கையெழுத்துப் போட்டேன், அதுவும் தப்பு."

குழு சோதனையை நிறுத்தவில்லை. முதல் ஆளுக்கு, போட்டிருந்த அளவில் நூற்றில் ஒரு பங்குதான் கொடுக்க வேண்டும். அவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் குழு சொன்ன பிறகுதான் அடுத்த ஆள். நான் முழுசாக நிறுத்தச் சொல்லித்தான் கேட்டேன். பாதித் தோல்வி என்று வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். இதாயத்துல்லா எனக்கும் சேர்த்து இரண்டு இளநீர் வாங்கி வந்தார். உடனே வாங்கிக்கொள்ளவில்லை. வெயில் தாங்காமல் பிறகு வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அனுமதியின்றி மரபணுப் பரிசோதனை, அனுமதியின்றிக் கூட்டத்தில் புகுந்தது, நிறுவனத்தின் பேரைக் கெடுத்தது. செய்ததற்கு வருந்துவதாக எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம்.

எழுதினேன்: 'மூன்றும் நான் செய்தவை. மறுபடி இப்படி ஒரு குரங்கு வந்தால் மறுபடியும் செய்வேன்.' இதில் சந்திப்பிழை இருக்கிறதா என்று அக்காவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். பிழை இல்லை, 'தங்கள் உண்மையுள்ள' என்று மட்டும் முடிக்காதே என்றாள். வெறும் பேரைப் போட்டு அனுப்பினேன்.

ஜூலை 9, செவ்வாய்

வேலை போய்விட்டது. கத்தரிக்காய் நன்றாக வதங்கியது.

ஜூலை 18, வியாழன்

இன்று குழு என்னைக் கூப்பிட்டிருந்தது, முதல் ஆளின் ரத்த முடிவை விளக்கிச் சொல்ல. வேலையில்லாதவளுக்கு என்ன மரியாதை பாருங்கள். ஆஸ்பத்திரி அறையில் தாளை வாங்கி இரண்டு முறை படித்தேன். நூற்றில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். அது இத்தனை நாள் கழித்தும் ரத்தத்தில் கரையாமல் நிற்கிறது. ராங்கியின் கோடும் இந்த மனிதனின் கோடும் அச்சு அசலாக ஒன்று. சார் போட்ட அளவைக் கொடுத்திருந்தால் இந்த ஆளின் கண் மஞ்சளாகியிருக்கும், ஈரல் வீங்கியிருக்கும், பிறகு நடந்திருப்பதை எழுத வேண்டியதில்லை.

குழு அங்கேயே சோதனையை நிறுத்திவிட்டது. கமலவேணி அம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

கேண்டீனுக்குப் போய் போண்டாவும் டீயும் வாங்கி உட்கார்ந்தேன். எதிரே ஒரு ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஆஸ்பத்திரி பட்டை, மூன்றாவது போண்டாவைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தார். பேச ஆள் கிடைத்தால் போதும் என்கிற முகம். பேர் எட்டியப்பன், செய்யாறு பக்கம், பந்தல் போடுகிற வேலை.

"இன்னிக்கித்தான்க்கா வுட்டாங்க. மாத்திர டெஸ்டுன்னு வந்தேன். மொத ஆளே நான்தான்."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன்.

"எப்படி இருக்கு உடம்பு?"

"அத்த ஏன் கேக்கற! சுத்த ஏமாத்து வேலக்கா. மாத்திரயா அது? கடுகு மாரி இருந்துச்சு. அதுக்கோசரம் என்னிய படுக்க வெச்சி, ராவும் பகலும் ரத்தம் உறிஞ்சி, கண்ண வேற தொறந்து தொறந்து பாக்கறானுங்க. கடைசில ஒண்ணுமே ஆவல."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே ஆவலன்னேன்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

ஒரு மாதிரியாகப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பினார்கள். என் கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது, இந்த முறை தூசி கீசி என்று எழுதப் போவதில்லை.

"ஒண்ணும் ஆவலக்கா" என்றார் எட்டியப்பன், குரலைத் தாழ்த்தி. "நீ ஏன்க்கா அழுவற? நான் நல்லாத்தான் கீறேன்."

அவருக்கு இன்னும் இரண்டு போண்டா சொன்னேன். இரண்டையும் தின்றார்.